நடைராஜா சூரணமும் மாதிரி நிலையமும்

இப்போதெல்லாம் சனங்கள் சந்தையில் வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுகிறார்கள். ஆடு வாங்கப் போனால் வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறார்கள். அதே ஆட்கள், டப்பாவின்மேல் ஒரு பச்சை இலையும் தாடி வைத்த முனிவரும் இருந்துவிட்டால், உள்ளே என்ன கிடக்கிறது என்று கேட்காமல் ஒரு கரண்டி எடுத்து வாயில் கொட்டிக்கொள்கிறார்கள். கேட்டால், இயற்கையாம். அரளிக்கொட்டையும் இயற்கையில் காய்த்ததுதான்.

ஊரைச் சொல்லி என்ன, என் வீட்டிலேயே அதுதான் நடந்தது. நான் கைலாசம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். முப்பத்துநாலு வருசம் லாரி ஓட்டினேன். மூன்றாம் வகுப்பு வரை போனேன். போர்டைப் பார்த்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதற்குமேல் கேட்காதீர்கள்.

என் சம்சாரம் மாரக்காளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. அவள் தம்பி செங்கோடன் பஸ் ஸ்டாண்டில் மூலிகைக் கடை வைத்திருக்கிறான். அவன்தான் நடைராஜா சூரணம் என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். பத்தே நாளில் மாரக்காள் எழுந்து நடந்தாள். எட்டு மாசம் நடந்தாள். ஒன்பதாம் மாசம் முகம் பூரி போல உப்பிவிட்டது. காலை அமுக்கினால் குழி விழுந்து, போட்ட குழி போட்டபடி நின்றது.

சேலத்தில் நர்மதா என்று ஒரு டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிட்னி பாதிதான் வேலை செய்யுது பெரியவரே. இந்தப் பொடியில என்ன கலந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். ஸ்டீராய்டுன்னா திடுதிப்னு நிறுத்தக்கூடாது, கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும். பாதரசம், ஈயம்னா இன்னைக்கே நிறுத்தணும். எதுன்னு தெரியாம கை வெச்சா உயிருக்கே ஆபத்து."

"அதை யாருங்க சொல்லுவாங்க?"

"ஓமலூர் ரோட்டுல இதுக்குன்னே ஒரு சர்க்கார் நிலையம் இருக்கு. சோதிச்சு எழுதி வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்."

மாரக்காள் என்ன சொன்னாள் தெரியுமா? "என்ற தம்பி எனக்கு விஷம் வெப்பானா? அந்தம்மா சொன்னாலும் கேக்க மாட்டேன், நீங்க சொன்னாலும் கேக்க மாட்டேன். சர்க்காரு சொல்லட்டும், அப்பப் பாக்கலாம்." சொல்லிவிட்டு என் கண்ணெதிரிலேயே ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

மறுநாளே பாதி டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பெரிய கட்டடம். போர்டில் நாலு வரி. எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒரு பீடி தீர்ந்துவிட்டது. 'நாட்டு மருந்துகள் தரம் மற்றும் பாதுகாப்பு மாதிரிப் பரிசோதனை நிலையம்.' சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று உள்ளே போனேன்.

வாசல் மேசையில் அமுதவல்லி என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. டப்பாவை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளியது.

"இது மாதிரி ஆகாதுங்க ஐயா."

"எது மாதிரி ஆகாதுங்க?"

"மாதிரியே ஆகாதுங்க."

"அதானம்மா, எது மாதிரின்னு சொன்னாத்தான எனக்குப் புரியும்."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டது. பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னது. "சோதனைக்குக் குடுக்கற பொருளுக்கு மாதிரின்னு பேருங்க ஐயா. மாதிரின்னா சீல் உடைக்காம இருக்கோணும். இது உடைச்சது."

"சீல் உடைக்காம அவ எப்படிம்மா திம்பா?"

"தின்னதை நாங்க சோதிக்கறது இல்லைங்க. தின்னாததைத்தான் சோதிப்போம். ஒரே பேட்ச் நம்பர்ல மூணு டப்பா, சீலோட கொண்டாங்க."

"அவ ஒடம்புக்குள்ள போனது இந்த டப்பாவும்மா."

"அதாங்க ஐயா, இது ஏற்கனவே பயன்பாட்டுக்கு வந்துருச்சு. பயன்பாட்டுக்கு வந்ததுக்கு நாங்க பொறுப்பு இல்லைங்க."

செங்கோடனிடம் போய் நின்றேன். "மாமா, ஒண்ணு தின்னாலே இந்த ஓட்டம் ஓடறீங்க, மூணு எதுக்கு?" என்று சிரித்தான். பழைய டப்பாவின் பேட்ச் நம்பரிலேயே மூன்று தேடி எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனேன். அமுதவல்லி சீலைத் தடவிப் பார்த்து, மூன்று டப்பாவுக்கும் பொட்டு வைப்பது போல ஒவ்வொரு முத்திரை குத்தியது. முடிவு வர இருபத்தொரு நாள் ஆகும் என்றது.

"அத்தனை நாள் அவ தாங்கோணுமே?"

"அதுக்குத் தனியா ஃபாரம் இல்லைங்க ஐயா."

எனக்குப் பொறுக்கவில்லை. நேராக இயக்குநர் அறைக்குள் போய்விட்டேன். ஈஸ்வர் என்று பெயர். கோபப்படுவார் என்று பார்த்தால், எழுந்துவந்து என் தோளில் கை போட்டார். "இருபத்தொரு நாள் ஏன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. வாங்க, காட்டறேன்," என்று கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடி போட்ட ஒரு அறை. உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பீரோ அளவுக்கு ஒரு மிஷின், வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளோடு நின்றது. நெற்றியென்று எதை நினைத்தார்களோ அங்கே சந்தனமும் குங்குமமும். காய்ந்த மாலை ஒன்று தொங்கியது.

"பாதரசம், ஈயம், ஸ்டீராய்டு, எது இருந்தாலும் ஒரு மணி நேரத்துல சொல்லிடும். இந்தப் பக்கத்துல இது ஒண்ணுதான். வருசா வருசம் ஆயுத பூஜைக்குப் பொரி போட்டுக் கும்பிடறோம்."

"ஓட்டறது இல்லைங்களா?"

"ஓட்டினா பழுதாகிடும். பழுதானா எங்க நிலையத்துல மிஷின் இல்லைன்னு ஆகிடும். ஆறு வருசமா ஒரு கீறல் இல்லாம வெச்சிருக்கோம். இதுவரைக்கும் எந்த மருந்தைப் பத்தியும் ஒரு குறை சொன்னதில்லை, அவ்வளவு நல்ல மிஷின்."

நான் ஓட்டாமல் நின்று பழுதான வண்டியைத்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீங்க போர்டைச் சரியாப் படிக்கலை பெரியவரே. மாதிரிகளைச் சோதிக்கற நிலையம்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. அப்படி இல்லை. மாதிரிப் பள்ளி, மாதிரிப் பண்ணைன்னு இருக்கு பாருங்க, அதைப் போல இது மாதிரி நிலையம். ஒரு பரிசோதனை நிலையம் எப்படி இருக்கணும்னு வெளியூர்ல இருந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. போன மாசம்கூட ரெண்டு பஸ் வந்துச்சு."

"அப்ப சோதனை நடக்கறது இல்லைங்களா சார்?"

"நடக்கற மாதிரி இருக்கும்," என்றார். அதில் ஒரு ஒளிவு மறைவும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

அந்த இருபத்தொரு நாளில் மாரக்காளை ஆசாரியிடம் கூட்டிப்போய், விரலில் இறுகிப்போன மோதிரத்தை வெட்டி எடுத்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா போன் போட்டு, "தாள் வந்துதா, தாள் வந்துதா," என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பக்கத்து ஊர் ஆள் ஒருவர் வேறொரு லேகியம் தின்று இதே வீக்கத்தோடு வந்து போய்ச் சேர்ந்ததை என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டார். மாரக்காளிடம் அதை நான் சொன்னேன். "அது லேகியம், இது சூரணம்," என்றாள்.

இருபத்தொன்றாம் நாள் மூன்றாம் முறை போனேன். வாசலில் சாமியானா. அதற்கடியில் நூறு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் நடைராஜா சூரணத்தின் முனிவர் படம். நாற்காலிகள் கம்பெனியின் அன்பளிப்பாம். நிலையத்துக்கு ஆறாவது ஆண்டு விழா. "முடிவு மேடையிலதான் குடுப்பாங்க ஐயா, உக்காருங்க," என்றது அமுதவல்லி.

உட்கார மனசில்லாமல் பின்பக்கம் போனேன். அங்கே சென்னிமலை என்ற ஆள், கூட்டிப் பெருக்குகிறவன், ஒரு அறையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே தரையிலிருந்து கூரை வரை டப்பா, புட்டி, பொட்டலம். வாசம் மூக்கை அடைத்தது.

"எல்லாம் மீதி மாதிரிங்க சாமி. ஆறு வருசமா இங்கதான் கெடக்குது. எலி தின்னது போக மிச்சம்."

"எலி திங்குதா?"

"இந்த நடைராஜா மூட்டைன்னா உசுர உடுதுங்க. மூஞ்சியப் பாருங்க."

டார்ச்சு அடித்துக் காட்டினான். மூட்டை மேல் ஒரு எலி. நான் லாரி செட்டில் பார்க்காத எலியா. இதைப் போல எலியை நான் பார்த்ததில்லை. முகம் உருண்டையாக உப்பி, கண் இரண்டும் உள்ளே போய்க் கிடந்தது. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. மாரக்காள் காலையில் எழுந்து உட்காரும்போது அப்படித்தான் இருக்கிறாள்.

"ஓடறதுக்கு ஏலாதுங்க. ஆனா ஒண்ணு பாருங்க, இதுல ஒரு நொண்டி எலி இருந்துச்சு. அது இப்ப நல்லா நடக்குதுங்க."

ஆறு வருசத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நடந்த ஒரே சோதனை அதுதான். "ஒண்ணப் புடிச்சுக் குடுடா, டாக்டரம்மாகிட்டக் காட்டோணும்," என்றேன். சரி என்று தலையாட்டினான். அதற்குள் மைக்கில் ஈஸ்வர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பெரியோர்களே. இந்த நிலையத்துக்கு இதுவரை நாலாயிரத்து முந்நூறு மருந்துகள் வந்திருக்கின்றன. ஒன்றுகூடத் தோற்றதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்தாலும் காட்ட முடியாத தேர்ச்சி இது. எப்படி முடிந்தது என்று கேட்கிறார்கள். உழைப்பு. மருந்துகள் தோற்கக்கூடிய சோதனைகள் எவையெவை என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்து நீக்கினோம்."

கை தட்டினார்கள். மேடையில் நடுநாற்காலியில் பட்டுச் சட்டை போட்ட ஒருவர் எல்லோரையும்விட நன்றாகத் தட்டினார். அவர்தான் நடைராஜா முதலாளி என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

"நம் முன்னோர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவற்றைச் சோதித்து முடித்துவிட்டார்கள். நாம் மறுபடி சோதித்தால் அவர்களைச் சந்தேகப்பட்டதாக ஆகும். ஆகவே நாங்கள் மருந்தைச் சோதிப்பதில்லை. சந்தேகப்படுகிறவரைச் சோதிக்கிறோம். எத்தனை முறை வருகிறார், எத்தனை முறை திரும்பிப் போகிறார் என்று பார்க்கிறோம். பெரும்பாலானவர்கள் இரண்டாம் முறையோடு தெளிந்துவிடுகிறார்கள். மூன்றாம் முறையும் வந்த ஒரே நுகர்வோர் இதோ இங்கே இருக்கிறார். நாமகிரிப்பேட்டை திரு. கைலாசம் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். என்னமோ சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி பொன்னாடையைப் போர்த்தினார். ஒரு கையில் நடைராஜா டப்பாவைத் திணித்து, இன்னொரு கையில் தாளைக் கொடுத்தார்கள். போட்டோக்காரர், "ஐயா, கொஞ்சம் சிரிங்க," என்றார். நான் சிரிக்கவில்லை. அதனால் ஏழெட்டு எடுத்தார்கள்.

அந்த டப்பாவை மேடையிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கி, தாளை அமுதவல்லியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"மூடி, திருப்தி. இலையின் நிறம், பச்சை. எழுத்தின் உயரம், விதிப்படி உள்ளது. பொடியின் நிறம், பொடி நிறம். மணம், தனக்கே உரியது. நச்சுப்பொருள், உற்பத்தியாளரைக் கேட்டதில் இல்லை என்று எழுத்துமூலம் தெரிவித்தார். முடிவு, பாதுகாப்பானது."

எங்கள் தொழிலில் எஃப்சி என்று ஒன்று உண்டு. வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று பார்ப்பது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவோம். முத்திரை வாங்கிக்கொண்டு வந்து சாயங்காலம் பழைய டயரையே மாட்டிவிடுவோம். நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. அந்தக் களவாணித்தனத்துக்குக்கூட ஒரு நாள் நல்ல டயர் ஒன்று தேவைப்பட்டது. இவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. டயர் இருக்கிறதா என்று டயர்க் கடைக்காரனைக் கேட்டு எழுதிவிட்டார்கள்.

ஈஸ்வர் மேடையை விட்டு இறங்கி வந்தார். வழியை மறித்தேன்.

"சார், அவ கால் வீங்கிக் கெடக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"கால் எங்க வரம்புல வராதுங்க. டப்பா வரைக்கும்தான் எங்க பொறுப்பு."

"உங்க ஸ்டோர்ல எலியெல்லாம் மூஞ்சி உப்பிக் கெடக்குதே, அது?"

அவர் முகம் சட்டென்று மாறியது. "எலியை வெச்சுச் சோதனை பண்ண எங்களுக்கு அனுமதி இல்லை. இந்தப் பேச்சை வெளியில எடுக்காதீங்க. அனுமதி இல்லாம எலிச் சோதனை நடத்தினோம்னு எங்க மேல நடவடிக்கை வந்துடும்."

"நீங்க நடத்தலைங்க, அதுவா நடந்திருக்குது."

"அதைத்தான் சொல்றேன், அனுமதி இல்லாம நடந்திருக்கு."

"சரிங்க. நல்ல மருந்துன்னு எழுதியிருக்கீங்க. நீங்க ஒரு கரண்டி போட்டுக்கங்க, பாக்கறேன்."

"மாதிரியை உண்பது சாட்சியத்தை அழிக்கற குற்றம் பெரியவரே," என்றார். சொன்னவர் நடைராஜா முதலாளியின் பின்னால் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் என் போன் அடித்தது. மாரக்காள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள், ஆனால் குரலில் ஒரு சந்தோசம்.

"ஏனுங்க, போட்டோவுல நல்லாத்தான் இருக்கறீங்க. செங்கோடன் போன்ல காட்டினான். கம்பெனிக்காரங்க ஊரெல்லாம் அனுப்பிட்டாங்களாம். பொன்னாடை போத்திக்கிட்டு, டப்பாவக் கையில புடிச்சுக்கிட்டு."

"ஏ புள்ள, அது அப்படி இல்ல."

"சர்க்காரே நல்ல மருந்துன்னு சொல்லிருச்சாமல்ல. நீங்க சொன்னதுக்குப் பயந்துக்கிட்டு ரெண்டு நாளா அரைக் கரண்டிதான் தின்னேன். இப்பத்தான் நெஞ்சாரக் கரண்டி ரெண்டு போட்டேன்."

"வேண்டாம் மாரக்கா. நான் சொல்றதக் கேளு. அவனுங்க ஒண்ணுமே சோதிக்கலை."

"நீங்க சொன்னா ஆச்சா? முத்திரை உங்க கையிலயா இருக்குது?" என்று வைத்துவிட்டாள்.

நான் போகாமல் இருந்திருந்தால் அவள் அரைக் கரண்டியோடு நின்றிருப்பாள்.

தாளை அமுதவல்லியின் மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தேன். அந்தப் பெண் பின்னால் கூப்பிட்டது. "ஐயா, பெற்றுக்கொண்டேன், திருப்தின்னு கையெழுத்துப் போடோணும். மீதி ரெண்டு டப்பாவும் திருப்பி எடுத்துக்கோணுங்க." கையெழுத்துப் போடவில்லை. டப்பா இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அங்கே விட்டால் யார் வாய்க்குப் போகுமோ.

கேட்டைத் தாண்டுகையில் சென்னிமலை ஓடி வந்தான். கையில் எலிக்கூண்டு. உள்ளே அந்த உருண்டை முகம்.

"இந்தாங்க சாமி, கொண்டு போங்க. கூண்ட மட்டும் திருப்பிக் குடுத்துருங்க." அங்கேயே நின்றான். பார்வை என் துணிப்பை மேலேயே இருந்தது. "அந்த ரெண்டு டப்பாவ என்ன பண்ணப் போறீங்க?"

"சாக்கடையில கொட்டப் போறேன்."

"எனக்குக் குடுத்துருங்களேன். எங்கம்மாளுக்கு முட்டிவலிங்க. வெல குடுத்து வாங்க முடியலை."

"ஏன்டா, இந்த எலியக் காட்டினவனே நீதானேடா?"

"ஆமாங்க. எலிக்கு மூஞ்சிதான உப்புச்சு, காலு நடக்குதுல்லங்க." குனிந்து கூண்டின் கதவைச் சரிபார்த்தான். "எங்கம்மா மூஞ்சிய யாரு பாக்கறாங்க சாமி. வெளிக்குப் போறதுக்கு ஒருத்தர் கையப் புடிக்காம நடந்தாப் போதும்ங்குது."

பைக்குள் கை விட்டேன். சீலை உடைத்து இரண்டு டப்பாவையும் சாக்கடையில் கொட்டினேன். தட்டில் போட்ட சோற்றைப் பிடுங்கியவனைப் பார்ப்பது போல அவன் என்னைப் பார்த்தான். ஆனால் கூண்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

கூண்டைப் பொன்னாடையால் மூடிக் கையில் தூக்கிக்கொண்டேன். சேலம் பஸ்ஸில் ஏற்றுவார்களா தெரியாது. டாக்டரம்மா இந்த எலியைப் பார்த்து என்ன சொல்வார், அதுவும் தெரியாது. எலி தின்றதும் மாரக்காள் தின்றதும் ஒரே பேட்ச்தானா என்று அவரும் கேட்கலாம். இந்தக் காலத்தில் யார் என்ன கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. பின்னால் மைக்கில் நன்றியுரை ஓடியது. என் பெயரையும் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.